1951 செவ்ரோலெட் பிக்கப்: பழைய சேசிஸா, புதிய முன் சஸ்பென்ஷனா?

கேள்வி: குடியாத்தத்தில் எங்கள் தாத்தாவின் 1951ஆம் ஆண்டு செவ்ரோலெட் 3100 அரை டன் பிக்கப் இருக்கிறது. பேரணாம்பட்டிலிருந்து ராணிப்பேட்டைத் தோல் ஷாப்புகளுக்கு உப்புத் தோல் ஏற்றிய வண்டி. முப்பது ஆண்டுகளாகக் கொட்டகையில் நிற்கிறது. எஞ்சினை மாற்றாமல் புதுப்பிக்க விரும்புகிறேன். ஒரு மெக்கானிக், பாடியைத் தூக்கி இன்னோவா சேசிஸில் (அடிச்சட்டத்தில்) வைத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர், முன் அச்சைக் கழற்றிவிட்டு காயில் ஸ்பிரிங் வைத்த இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷனை (இரு முன்சக்கரங்களும் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பு) பற்றவைக்கலாம் என்கிறார். மாதத்தில் சில முறை வேலூர், ஆண்டுக்கு ஒருமுறை ஏலகிரி, இவ்வளவுதான் ஓட்டம். எதைத் தேர்வது?

பதில்: இரண்டும் வேண்டாம். பழைய சேசிஸையும் கமான் பட்டையோடு (அடுக்குப் பட்டை ஸ்பிரிங்) கூடிய அந்த ஐ-பீம் முன் அச்சையும் (இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே இரும்பு உத்தரம்) வைத்துக்கொண்டு, இந்த இரண்டு யோசனைகளுக்கும் ஆகக்கூடிய செலவில் ஒரு பகுதியைச் சேசிஸ் பழுதுக்கும் கிங் பின் (முன்சக்கரம் இடம்வலமாகத் திரும்பும் செங்குத்து ஊசி), பட்டை, பிரேக் ஆகியவற்றுக்கும் ஒதுக்குங்கள். இதைப் பழமையின் மீதுள்ள பற்றினால் மட்டும் சொல்லவில்லை. நீங்கள் வைத்துக்கொள்ள விரும்பும் எஞ்சினே இந்த முடிவைச் சொல்கிறது. அந்த 216 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின் 92 குதிரைத்திறன் கொண்டது. அதன் கனெக்டிங் ராடு பேரிங்குகள் பாபிட் என்ற மென்மையான உலோகக் கலவையில் வார்க்கப்பட்டவை, அவற்றுக்கு எண்ணெய் பெரும்பாலும் தெறிப்பு முறையிலேயே கிடைக்கிறது. பின் அச்சின் விகிதமோ 4.11, அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற ஷாஃப்ட் 4.11 முறை சுற்ற வேண்டும். இந்த அமைப்பு மணிக்கு 70 கிலோமீட்டரில் நாள் முழுக்க ஓடும். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் 100-இல் விரட்டினால் பேரிங் தாங்காது. 70-க்கு மேல் போகப்போவதில்லை என்றால், நல்ல நிலையிலுள்ள ஐ-பீம் அச்சு அந்த வேகத்துக்குப் போதுமானது.

சேசிஸ் மாற்றும் யோசனையை அளவுகளே நிராகரிக்கின்றன. உங்கள் வண்டியின் வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்) 116 அங்குலம், அதாவது ஏறத்தாழ 2946 மி.மீ.; இன்னோவாவுக்கு 2750 மி.மீ. ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் நீளத்தைச் சேசிஸின் நடுவில் வெட்டிச் சேர்த்தால்தான் சக்கரம் மட்கார்டின் நடுவில் நிற்கும். மேலும், 1954 வரை வந்த 3100 வண்டிகளில் புரொப்பல்லர் ஷாஃப்ட் (எஞ்சின் விசையைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் தண்டு) ஒரு மூடிய குழாய்க்குள் கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சு வரை ஒரே கட்டாக ஓடுகிறது. பின் அச்சின் தள்ளுவிசையே அந்தக் குழாய் வழியாகத்தான் வண்டிக்கு வந்து சேர்கிறது. சேசிஸை மாற்றினால் பின் அச்சு, ஷாஃப்ட், கியர்பாக்ஸ் என ஒவ்வொன்றாக எல்லாமே மாறும், எஞ்சின் மட்டும் தனியாக மிஞ்சும்.

சட்டமும் இதே பக்கம்தான் நிற்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழ் மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. வேறொரு வண்டியின் சேசிஸ் எண்ணோடு நிற்கும் பிக்கப்பை உங்கள் தாத்தாவின் வண்டி என்று எந்த அலுவலகத்திலும் நிறுவ முடியாது. 2021இல் வந்த பழம்பெரும் வாகன விதிகளும், ஐம்பது ஆண்டு கடந்த வண்டியின் சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்கின்றன. ஆனால் நான்கு சக்கர வண்டிகளில் அவை பயணிகள் காருக்கான எம்1 பிரிவுக்கே எழுதப்பட்டவை. ஆகவே உங்கள் ஆர்.சி.யில் வண்டி எந்த வகையாகப் பதிவாகியிருக்கிறது என்பதைப் பட்டறைக்குப் போகும் முன்பே பார்த்துவிடுங்கள்.

இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: அது தன்னளவில் நல்ல அமைப்பு. அமெரிக்காவில் இதே வண்டிகளுக்கு, 1970களின் ஃபோர்டு மஸ்டாங் II முன்பகுதியை ஒட்டிச் செய்யப்பட்ட கிராஸ் மெம்பர் (சேசிஸின் குறுக்குச் சட்டம்) தொகுப்புகளைப் பலர் பொருத்துகிறார்கள். நம் ஊரில் சிக்கல் வலப்பக்க ஸ்டியரிங்கில் தொடங்குகிறது. ஏதோ ஒரு காரின் ஸ்டியரிங் ரேக்கை எடுத்துப் பொருத்தும்போது, சக்கரத்தைத் திருப்பும் டை ராடின் உள்முனையானது, சக்கரத்தைத் தாங்கும் மேல் ஆர்ம், கீழ் ஆர்ம் இரண்டின் உள்முனைகளை இணைக்கும் கோட்டின் மீது விழ வேண்டும். விழாவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரம் தானாகத் திரும்பும். ரேக்குக்கு இடம் போதவில்லை என்று நக்கிள்களை (சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் பாகங்கள்) இடம்வலமாக மாற்றிப் போட்டால், வளைவில் உள்சக்கரம் வெளிச்சக்கரத்தைவிடக் கூடுதலாகத் திரும்ப வேண்டிய கணக்கு தலைகீழாகி, ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் டயர் தேய்த்துக்கொண்டே ஏறும். முன்பகுதி ஏற்கெனவே வெட்டப்பட்ட வண்டியாக இருந்து, எஞ்சினையும் மாற்றுவதாக இருந்தால், வரைபடம் போட்டு வேலை செய்யும் பட்டறையில் இதைச் செய்யலாம் என்பேன். உங்கள் வண்டி அப்படிப்பட்டதல்ல.

உண்மையில் உங்கள் கவலை முன் அச்சைவிடச் சேசிஸின் பின்பாதியைப் பற்றியே இருக்க வேண்டும். பதனிடும் வரை தோல் கெடாமலிருக்க உப்பிடுகிறார்கள். அந்த உப்புநீர், பின்தட்டின் மரப்பலகை இடுக்குகள் வழியாக ஆண்டுக்கணக்கில் சேசிஸின் மீது சொட்டியிருக்கும். முன்பகுதி எஞ்சின் எண்ணெய் கசிந்து படிந்ததால் பெரும்பாலும் தப்பியிருக்கும். கேபினுக்குப் பின்னாலுள்ள கிராஸ் மெம்பர்களும், இரண்டு தகடுகள் ரிவெட்டால் சேரும் இடங்களும்தான் அரித்திருக்கும். தகடுகளுக்கிடையே துரு வீங்கி அவற்றைப் பிரித்திருந்தால் வெளியே வண்ணம் பூசுவதால் பயனில்லை. ரிவெட்டைத் துளைத்தெடுத்து, தகட்டைப் பிரித்து, மணல் வீச்சில் சுத்தம் செய்து, அன்றே பிரைமர் அடித்து, உயர்தர போல்ட்டால் சேர்க்க வேண்டும். சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள்: நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும், உள்ளே உதிர்ந்தது மந்தமாக ஒலிக்கும். ரிவெட்டைச் சுற்றித் துருக்கோடு வழிந்திருந்தால் அது ஆடுகிறது என்று பொருள். பிறகு சேசிஸைச் சமதளத்தில் ஸ்டாண்டுகளில் நிறுத்தி, இருபக்கமும் ஒத்த துளைகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் புள்ளி வைத்து, குறுக்குவாட்டில் அளந்து பாருங்கள். இரண்டு மூலைவிட்டங்களுக்கும் 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால், முதலில் நேராக்கல், பிறகுதான் வெல்டிங். ஒட்டுத் தகடு வைக்கும்போது அதன் முனைகளைச் சாய்வாக வெட்டச் சொல்லுங்கள். சி வடிவச் சேனலின் குறுக்கே மேலிருந்து கீழாக நேர்கோட்டில் பற்றவைத்தால், விரிசல் அந்தக் கோட்டின் ஓரத்திலேயே பிறக்கும். மேல், கீழ் மடிப்பு விளிம்புகளில்தான் வளைவின் விசை மிகுதி. அங்கே வெல்டிங் கம்பியே படக் கூடாது.

முன் அச்சில் செய்ய வேண்டியது குறைவு. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஒருவர் பிரேக்கை மிதித்த பிறகும் ஆட்டம் இருந்தால் அது பேரிங் அல்ல, கிங் பின் புஷ். புதிய புஷ்ஷை இரண்டும் ஒரே நேர்கோட்டில் வரும்படி ரீமர் போட (துளையைத் துல்லிய அளவுக்குச் சீவ) தெரிந்த லேத் பட்டறையில் மட்டும் கொடுங்கள். சக்கரம் ஏறும் ஸ்பிண்டிலின் வேர்ப்பகுதியில் விரிசல் இருக்கிறதா என்று சாயச் சோதனை (விரிசலுக்குள் சாயத்தை ஊறவிட்டுக் கண்டறிவது) செய்வது கட்டாயம், பி.எச்.இ.எல்.லின் பாய்லர் துணைக்கருவி ஆலை இருக்கும் ராணிப்பேட்டையில் வெல்டிங் சோதனை அறிந்தவர்களைத் தேடுவது எளிது. கமான் பட்டைகளைக் கழற்றித் துருநீக்கி, வளைவு தளர்ந்திருந்தால் செட்டிங் செய்து, பட்டையின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிள்களின் புஷ்களை முழுவதும் மாற்றுங்கள். இனிச் சுமை ஏற்றப்போவதில்லை என்று நினைத்துப் பட்டைகளை உருவி எடுத்துவிடாதீர்கள். உருவ வேண்டுமானால் இருபக்கமும் ஒரே வரிசையிலுள்ள பட்டையை, அதுவும் வண்டி முழு எடையோடு நின்று உயரம் அளந்த பிறகு. டயருக்கு அலைய வேண்டாம், 6.00-16 அளவு நம் ஜீப் டயர்தான். பிரேக்கைப் பொறுத்தவரை, அசல் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று. ஒரு குழாய் விட்டால் நான்கு சக்கரமும் போகும் என்பதால், மலையேறும் வண்டிக்கு இரட்டைச் சுற்றுச் சிலிண்டரை நான் வலியுறுத்துவேன்.

அலைன்மென்டை வண்டி முழுதாக முடிந்து, பின்தட்டுப் பலகையும் ஏறிய பிறகே பாருங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் கமான் பட்டையின் யூ-போல்ட்டுகளை மீண்டும் முறுக்குங்கள். புதிதாகக் கட்டிய பட்டை அந்தத் தூரத்தில்தான் படிந்து உட்காரும்.