பாத்டப்பில் தண்ணீர் இறங்காமல் தேங்கி நிற்கிறது. பிளம்பரைக் கூப்பிடாமல் வீட்டிலேயே அடைப்பு எடுக்க முடியுமா?

முடியும். ஒரு ஜோடி ரப்பர் கையுறை, ஹார்டுவேர் கடையில் சில டாலருக்குக் கிடைக்கும் முள் வைத்த பிளாஸ்டிக் பட்டை, அருவருப்பைக் கொஞ்சம் தாங்கும் மனசு. அரை மணி நேர வேலை. எனக்கு ஒன்பது நாள் ஆனது. அவசரம் என்றால் கீழே மூடி கழற்றுகிற இடத்துக்கு நேராகப் போய்விடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நீங்களும் என்னைப் போல வாடகை அபார்ட்மென்ட்டில்தான் இருப்பீர்கள், ஊரிலிருந்து அம்மாவோ மாமியாரோ வந்திருப்பார்கள் என்று ஒரு யூகம். தமிழில் பாத்டப் பற்றிக் கேட்கிறவர் பெரும்பாலும் அதற்குள் பக்கெட்டும் மக்குமாக நின்று குளிக்கிறவர்தான். அதில் படுத்துக் குளித்த தமிழரை நான் இன்னும் பார்க்கவில்லை.

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சி எடிசனில். மனைவியின் பிரசவத்துக்கு அத்தை ஆறு மாதம் வந்திருந்தார். தலா 23 கிலோவில் இரண்டு பெட்டி. ஒன்றில் பாதிக்கு மேல் பிரசவ மருந்தும் பூண்டும். இன்னொன்றில் துணிகளுக்கு நடுவே 2 கிலோ சீயக்காய். பச்சைப்பயறு, வெந்தயம், பூலாங்கிழங்கு, காய்ந்த எலுமிச்சைத் தோல் எல்லாம் சேர்த்து மில்லில் அரைத்தது. செவ்வாய், வெள்ளி தவறாமல் எண்ணெய்க் குளியல். வீடு முழுக்க ஊர் வாசனை. எனக்கு அது பிடிக்கும், அதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

பையனுக்கு நாலாவது மாதம் நடக்கும்போது தண்ணீர் கணுக்கால் வரை நிற்க ஆரம்பித்தது. குளித்து முடித்த பின் அது இறங்க இருபது நிமிடம் ஆகும். இறங்கியதும் டப்பின் சுவரில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "சீயக்காயைக் கொட்டினா அடைக்காம என்ன செய்யும்?" என்று மனைவியிடம் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் எங்கள் அபார்ட்மென்ட் சுவர் அட்டை மாதிரி. அடுத்த வெள்ளிக்கிழமை அத்தை ஷாம்பு போட்டுக் குளித்துவிட்டு வந்தார். மனைவி இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

"மாமியார் மேல் பழி போடுகிற மாப்பிள்ளை" என்று கமெண்டில் ஆரம்பிக்க வேண்டாம். சீயக்காய்த் தூள் முழுக்கக் கரையாது, பயற்றமாவு ஊறினால் கூழாகும், எண்ணெயோடு சேர்ந்தால் குழாய்ச் சுவரில் பிடிக்கும். சந்தேகத்தில் தப்பில்லை. ஆனால் வெறும் தூள் என்றால் தண்ணீரோடு போய்விடும். அது நிற்க வேண்டுமென்றால் அதைப் பிடித்துவைக்க ஒரு வலை வேண்டும். அந்த வலை முடி. "பிள்ளை முகம் பாத்துச் சிரிச்சா தாய்க்கு முடி கொட்டும்" என்று அத்தை சொல்லிக்கொண்டேதான் இருந்தார். உண்மைதான். கர்ப்ப காலத்தில் ஹார்மோன் தயவில் உதிராமல் நின்ற முடியெல்லாம் பிரசவமாகி மூன்று மாதம் வாக்கில் மொத்தமாகக் கொட்டும். காதில் வாங்கியிருந்தால் அன்றைக்கே புரிந்திருக்கும்.

முதலில் வீடியோ பார்த்து சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றினேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒன்று காரம், மற்றது அமிலம். இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு கொஞ்சம் உப்புத் தண்ணீரும் கார்பன் டை ஆக்சைடு நுரையும்தான் மிஞ்சும். முடியை அது தொடக்கூடத் தொடாது. நுரை பொங்குகிற சத்தம் மட்டும் பெரிதாக வேலை நடப்பது போலக் கேட்கும்.

அடுத்து பிளஞ்சர், கைப்பிடி வைத்த ரப்பர் கிண்ணம். டப்பின் தலைமாட்டில், குழாய்க்குக் கீழே, வட்டமாக ஒரு உலோகத் தகடு இருக்கும். நிரம்பி வழியாமல் இருக்க வைத்த ஓட்டை அது. உள்ளே அதுவும் வடிகால் குழாயில்தான் போய்ச் சேரும். ஈரத்துணியால் அதை அடைக்காமல் பிளஞ்சரை அழுத்தினால் அடைப்பு அசையாது, கறுப்புத் தண்ணீர் அந்த ஓட்டை வழியாக உங்கள் சட்டைக்கு வரும். வந்தது.

அப்புறம் கடையில் விற்கும் ஜெல், இரண்டு பாட்டில். இவற்றில் பெரும்பாலும் காஸ்டிக் சோடாவும் பிளீச்சும் இருக்கும். முடியைக் கரைக்கத்தான் செய்யும், ஆனால் மெதுவாக. தேங்கிய தண்ணீரில் கலந்து நீர்த்துப்போனால் அந்த வேகமும் போய்விடும். பிளீச் உள்ள ஜெல்லை ஊற்றிய இடத்தில் டாய்லெட் கழுவும் ஆசிட் எதையும் ஊற்றாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். ஊற்றிய பிறகு பிளஞ்சரையும் தொடாதீர்கள், கண்ணில் தெறித்தால் அவ்வளவுதான். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் இதைச் செய்தேன் என்று இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஆறாவது நாள் அபார்ட்மென்ட் ஆபீஸுக்குப் போன் போட்டேன். முடியால் வந்த அடைப்பு என்றால் செலவு வாடகைதாரர் தலையில் என்று லீஸில் ஒரு வரி இருக்கிறதாம். 125 டாலர். பணம் பெரிதில்லை என்று சொல்ல வரவில்லை, பெரிதுதான். இதற்கு முன் இருந்த அபார்ட்மென்ட்டில் காலி செய்தபோது, சமையலறை மேடையில் மஞ்சள் கறை என்று டெபாசிட்டில் கை வைத்தார்கள். என்ன ஏது என்று ஒரு பட்டியல்கூடத் தரவில்லை. நியூ ஜெர்சி சட்டப்படி 30 நாளுக்குள், பிடித்தம் எதற்கென்று எழுதிக் கணக்குக் கொடுத்துத்தான் டெபாசிட்டைத் திருப்ப வேண்டும். எனக்கு அப்போது தெரியாது. தெரிந்தவர்கள் யாரும் சொல்லவுமில்லை. வாரா வாரம் வீட்டுக்கு வந்து சாம்பார் சாப்பிட்ட நண்பர்கள்! சரி, அதை விடுங்கள். அந்த எரிச்சலில்தான் 125 டாலர் தர மாட்டேன் என்று நானே இறங்கினேன்.

மூடியைக் கழற்றுங்கள். இதுதான் முக்கியமான வேலை. எங்கள் டப்பில் இருந்தது காலால் அழுத்தினால் மூடிக்கொண்டு, மறுபடி அழுத்தினால் திறக்கிற வகை. தலையைப் பிடித்து மேலே தூக்கி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருகினால் கையோடு வந்துவிடும். குமிழைத் தூக்கித் திருப்புகிற வகை என்றால் குமிழுக்குக் கீழே பக்கவாட்டில் பொடியாக ஒரு திருகு இருக்கும், அதைத் தளர்த்த வேண்டும். மூடியே இல்லாமல், முன்னே சொன்ன வட்டச் சுவர்த் தகட்டில் ஒரு நெம்புகோல் மட்டும் இருந்தால், தகட்டின் இரண்டு திருகையும் கழற்றி, உள்ளே தொங்கும் கம்பியை மெதுவாக மேலே இழுங்கள். முடி அதில்தான் சுற்றிக்கொண்டிருக்கும்.

மூடி வந்ததும் டார்ச் அடித்துப் பார்த்தேன். குழாய் வாயில் சிலுவை போல ஒரு குறுக்குக் கம்பி. அதைச் சுற்றி, நனைந்த கம்பளி நூல் மாதிரி ஏதோ. பிளாஸ்டிக் பட்டையை உள்ளே விட்டு, திருகி, இழுத்தேன். முதலில் வரவில்லை. அப்புறம் "ப்ளக்" என்று ஒரு சத்தம், கூடவே கெட்டுப்போன புளித்த மாவும் சோப்பும் கலந்த நாற்றம். ஒரு முழ நீளத்துக்குக் கறுப்பாக, வழவழவென்று, மேலெல்லாம் சீயக்காய்ச் சகதி பூசி வந்தது. நடுவில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு.

சத்தம் கேட்டு அத்தை வந்துவிட்டார். "ஐயோ மாப்பிள்ளை, நீங்க போய் இதையெல்லாமா? எந்திரிங்க, நான் எடுக்கிறேன்." நான் எழுந்திருக்கவில்லை. மளிகைக் கடை விளம்பரத்தாளைக் கொண்டுவந்து பக்கத்தில் விரித்து வைத்தார். மறுபடி பட்டையை விட்டேன். இரண்டாவது கொத்து வந்தது. அத்தை அதைக் குச்சியால் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது யார் முடி?" என்றார்.

செம்பட்டை. எங்கள் வீட்டில் யாருக்கும் செம்பட்டை முடி கிடையாது. எங்களுக்கு முன்னால் குடியிருந்தவருடையதாகத்தான் இருக்க வேண்டும். பிளீச் பட்டு வெளுத்திருக்கும் என்பீர்கள், என் ஆபீஸ் நண்பனும் அதையே சொன்னான். வெளுப்பதென்றால் மேலே கிடந்த கறுப்பு முடிதானே முதலில் வெளுத்திருக்க வேண்டும்? அதற்கு இன்னும் அவனிடமிருந்து பதில் வரவில்லை. ஆக, அடைப்புக்கு அஸ்திவாரம் யாரோ, கட்டடம் என் மனைவி, பூச்சு வேலை மட்டும்தான் சீயக்காய்.

வெந்நீர் விட்டேன். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், பிளாஸ்டிக் குழாய்க்கு ஆகாது. சுழித்துக்கொண்டு இறங்கியது. அத்தை தாளை மடித்துக்கொண்டே, "ஊருல இந்த முடிக்கு ஒரு கிண்ணமாவது குடுப்பான்" என்றார்.

உங்களுக்குப் பட்டை எட்டவில்லை என்றால் அடைப்பு இன்னும் கீழே இருக்கிறது என்று அர்த்தம். அடைப்பு எடுக்கும் சுருள் கம்பி வாங்கி, வடிகால் ஓட்டை வழியாக அல்ல, அந்தச் சுவர்த் தகட்டைக் கழற்றி அது வழியாக விடுங்கள். வளைவு குறைவு, எளிதாக இறங்கும். அதற்கும் அசையவில்லை என்றால் பிளம்பர்தான். ஜெல் ஊற்றியிருந்தால் அவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். குழாய் வாயில் ஒரு வலைச் சல்லடை போட்டு, குளித்ததும் முடியை எடுத்துக் குப்பையில் போட்டால் திரும்ப வராது.

அத்தையிடம் மன்னிப்பு கேட்டேனா என்று கேட்பீர்கள். கேட்கவில்லை, வாய் வரவில்லை. அந்த வாரம் சனிக்கிழமை தலையில் நல்லெண்ணெயைத் தேய்த்துக்கொண்டு சமையலறை வாசலில் போய் நின்றேன். "அத்தை, எனக்கும் கொஞ்சம் சீயக்காய் கரைச்சுக் குடுங்க." அவர் ஒன்றும் சொல்லாமல் டப்பாவைத் திறந்தார்.