கம்பெனி கணவர் பெயரில், கலவை மனைவி கையில்: பெரிய ஆர்டரை ஏற்கலாமா?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவின் அட்லாண்டாவில் வசிக்கும் கறுப்பினத் தம்பதி. சுருள்முடிக்கான ஷியா பட்டரும் (ஷியா கொட்டையின் கொழுப்பு), தேய்த்தபின் அலசாமல் விடும் லீவ்-இன் கண்டிஷனரும் வீட்டிலேயே செய்து மூன்று வருடமாக விற்கிறோம். கலவை முழுக்க என் கைப்பக்குவம். கணக்கும் டெலிவரியும் கணவர் பொறுப்பு. எல்.எல்.சி எனப்படும் வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனமாகப் பதிவான கம்பெனி அவர் பெயரில் மட்டும்தான் இருக்கிறது. மாதம் 6,000 டாலருக்கு விற்கிறது. சேமிப்பு 18,000 டாலர், வீட்டுச் செலவு மாதம் 5,200. இப்போது அழகுப்பொருள் கடைகள் நடத்தும் ஒரு நிறுவனம் 3,000 ஜாடி ஷியா பட்டர் கேட்கிறது. சரக்கு போய்ச் சேர்ந்து 60 நாள் கழித்துப் பணம். வீட்டின் மேல் கடன் வாங்கி இதை எடுக்கலாமா? கணவர் தன் வெளி வேலையை விட்டுவிடலாமா? எட்டு வயதில் ஒரே மகள் இருக்கிறாள்.

பதில்: வீட்டின் மேல் கடன் வேண்டாம், வேலையையும் இப்போது விட வேண்டாம். ஆர்டரை எடுக்கலாம், ஆனால் 1,000 ஜாடிக்கு மட்டும். அதற்கும் முன்னால் கம்பெனியில் உங்கள் பெயர் ஏற வேண்டும்.

முதலில் பணக் கணக்கு. நீங்கள் அனுப்பிய விவரப்படி 8 அவுன்ஸ் ஜாடி ஒன்றுக்கு மூலப்பொருள் 1.90 டாலர், ஜாடியும் மூடியும் 0.85, லேபிள் 0.35, அட்டைப்பெட்டியும் அனுப்பும் செலவும் 0.65. மொத்தம் 3.75. இதில் உங்கள் உழைப்புக்கு ஒரு சென்ட் கூட இல்லை. 3,000 ஜாடியை ஒருவர் கையால் நிரப்ப முடியாது, ஆள் வைத்தே ஆக வேண்டும். அதற்கு ஜாடிக்கு 75 சென்ட் சேர்த்தால் அடக்கவிலை 4.50. கடைக்காரர் தருவது 8 டாலர். ஏட்டில் 10,500 டாலர் லாபம் தெரியும்.

ஆனால் அந்த லாபம் கைக்கு வருவதற்குள் 13,500 டாலர் உங்கள் பையிலிருந்து போயிருக்கும். காலி ஜாடியும் லேபிளும் வந்து சேர மூன்று வாரம், தயாரிக்க இரண்டு வாரம், லாரிக்கு ஒரு வாரம், பிறகு 60 நாள். கிட்டத்தட்ட நூறு நாள் பணம் வெளியே நிற்கிறது. மிச்சம் 4,500 டாலர், ஒரு மாத வீட்டுச் செலவுக்கே பற்றாது. சரக்கு நன்றாக விற்றால் நெருக்கடி இன்னும் கூடும்: முதல் பில் வசூலாகும் முன்பே இரண்டாவது ஆர்டர் வந்து நிற்கும், அதற்கும் இன்னொரு 13,500 தேவைப்படும். நல்ல சரக்கு வைத்திருந்த எத்தனையோ சின்ன கம்பெனிகள் இந்த இடத்தில்தான் மூச்சுத் திணறின.

ஒப்பந்தத்தில் கடை உங்கள் பில்லிலிருந்து என்னென்ன கழிக்கும் என்றும் தேடிப் பாருங்கள். விற்காத சரக்கைத் திருப்பி அனுப்பும் உரிமை, விளம்பரக் கழிவு, உடைந்ததற்கான பிடித்தம் எல்லாம் பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில் இருக்கும். பத்து சதவீதச் சரக்கு திரும்பி, பில்லில் ஐந்து சதவீதம் விளம்பரத்துக்குப் போனால் உங்கள் 10,500 சுருங்கி 6,900 ஆகிவிடும்.

1,000 ஜாடி என்றால் 4,500 டாலர் போதும். இரண்டரை மாதச் செலவுக்கான பணம் கையில் நிற்கும். பாதித் தொகை முன்பணமாகவோ, 30 நாளில் முழுப் பணமாகவோ கேளுங்கள்.

ஷியா பட்டர் என்பதால் இன்னொரு எச்சரிக்கை. அட்லாண்டா கோடையில் மூடிய லாரிக்குள் அது உருகிவிடும். இரவில் மெதுவாக ஆறும்போது அதிலுள்ள கெட்டிக் கொழுப்பு தனியே படிகமாகி, தேய்த்தால் விரலில் ரவை போல நறநறக்கும். பண்டம் கெடவில்லை, ஆனால் வாங்கியவர் கெட்டுவிட்டது என்றுதான் நினைப்பார், கடை அதை உங்கள் தலையில் கட்டும். முழுக்க உருக்கி, கலக்கிக்கொண்டே வேகமாகக் குளிரவையுங்கள். அனுப்பும் முன் சில ஜாடிகளை 45 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு நாள், சாதாரண அறையில் ஒரு நாள் என மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். முதல் சரக்கை ஜூலை, ஆகஸ்டில் அனுப்பாதீர்கள். தண்ணீர் சேரும் கண்டிஷனரைக் கடைக்குக் கொடுப்பதானால் கிருமித் தடுப்பானும், அது வேலை செய்கிறதா என்று பார்க்கும் 28 நாள் ஆய்வகச் சோதனையும் கட்டாயம் வேண்டும். அந்தச் செலவையும் விலையில் ஏற்றுங்கள்.

இனி உங்கள் பெயர் விஷயம். இதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. மூன்று வருடமாக நீங்கள் உழைத்தும் அரசுப் பதிவில் நீங்கள் வேலையே செய்யவில்லை. அரசின் சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியத்துக்கு, வரி கட்டிய உழைப்பு வருமானத்தை வைத்துச் சேரும் கிரெடிட் 40 வேண்டும், வருடத்துக்கு அதிகபட்சம் நான்கு. உங்கள் கணக்கில் ஒன்றுகூட ஏறவில்லை. கணவரின் பதிவை வைத்து முதுமையில் ஒரு பகுதி கிடைக்கலாம். ஆனால் நாளைக்கே உங்களால் வேலை செய்ய முடியாமல் போனால், ஊனமுற்றோர் உதவித்தொகைக்கு உங்கள் சொந்தக் கிரெடிட்தான் எண்ணப்படும். கணவர் உயில் எழுதாமல் இறந்தால் ஜார்ஜியா சட்டப்படி உங்களுக்குப் பாதி, மகளுக்குப் பாதி. எட்டு வயதுக் குழந்தையின் பங்கு நீதிமன்றக் கண்காணிப்புக்குப் போகக்கூடும்.

இருவரும் பங்குதாரர்களாக எல்.எல்.சி ஒப்பந்தத்தை மாற்றி எழுதுங்கள். யாருக்கு எத்தனை சதவீதம், ஒருவர் இறந்தாலோ பிரிந்தாலோ மற்றவர் எந்த விலைக்கு வாங்கிக்கொள்ளலாம், வங்கிக் கடனுக்கு இருவர் கையெழுத்தும் வேண்டுமா என்பது அதில் இருக்கட்டும். கலவைக் குறிப்பும் பிராண்ட் பெயரும் கம்பெனிக்குச் சொந்தம் என்று தனிப் பத்திரம் எழுதிக்கொள்ளுங்கள். அன்போடு இருக்கும் நாளில் இதை எழுதுவதுதான் சுலபம். சிகாகோவில் 1954-ல் ஜார்ஜ் ஜான்சனும் ஜோன் ஜான்சனும் தொடங்கிய ஜான்சன் புராடக்ட்ஸ், 1971-ல் அமெரிக்கன் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் என்ற பங்குச் சந்தையில் பட்டியலான முதல் கறுப்பினக் கம்பெனி. 1989-ல் அவர்கள் விவாகரத்து செய்தபோது கம்பெனியின் கட்டுப்பாடு ஜோனிடம் வந்தது. 1993-ல் அது இவாக்ஸ் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அவ்வளவு பெரிய கம்பெனியிலும் கடைசியில் பேசியது, யார் பெயரில் எத்தனை பங்கு என்ற காகிதம்தான்.

இருவர் சேர்ந்ததும் வரி முறையும் மாறும். கணவன், மனைவி நடத்தும் தொழிலுக்கு ஆளுக்கொரு ஷெட்யூல் சி (தனிநபர் தொழில் வருமானத்துக்கான வரிப் படிவம்) போதும் என்று பலர் சொல்வார்கள். அந்தச் சலுகை எல்.எல்.சி-க்குப் பொருந்தாது. தம்பதியின் சொத்து இருவருக்கும் பொது என்ற சட்டமுள்ள டெக்சாஸ், லூசியானா போன்ற மாநிலங்களில் வேறு வழி உண்டு, ஜார்ஜியாவில் இல்லை. பங்குதாரர் தொழிலுக்கான வரிப் படிவம் 1065-ஐ மார்ச் 15-க்குள் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் ஒவ்வொரு பங்குதாரருக்கும் மாதாமாதம் அபராதம் ஏறும். லாபத்தில் உங்கள் பங்குக்குச் சுயதொழில் வரி 15.3 சதவீதம் வரும். கசக்கத்தான் செய்யும், ஆனால் உங்கள் கிரெடிட் சேர்வது அதில்தான்.

கணவர் வேலையை விட்டால் குடும்பத்தின் மருத்துவக் காப்பீடும் போகும். பழைய காப்பீட்டைப் பொதுவாக 18 மாதம் வரை தொடரலாம், ஆனால் முதலாளி கட்டிவந்த பங்கையும் சேர்த்து நீங்களே கட்ட வேண்டும். அந்தத் தொகையையும் வீட்டுச் செலவையும் ஆறு மாதம் தொடர்ந்து தொழில் லாபமே தாங்கினால், அப்போது வேலையை விடுவதைப் பற்றிப் பேசலாம்.

கடன் தேவைப்பட்டால், அமெரிக்க அரசின் சிறுதொழில் நிர்வாகத்தின் மைக்ரோலோன் என்ற சிறு கடன் 50,000 டாலர் வரை லாப நோக்கமற்ற நிறுவனங்கள் வழியாகக் கிடைக்கும். வங்கிகள் கறுப்பினத் தொழில்முனைவோரை அதிகம் திருப்பி அனுப்புகின்றன என்பதால் இந்த லாப நோக்கமற்ற நிறுவனங்களிடமே முதலில் போங்கள். தினமும் கணக்கிலிருந்து பிடித்துக்கொள்ளும் அட்வான்ஸ் கம்பெனிகள் போனில் கூப்பிடும். 10,000 வாங்கி ஆறு மாதத்தில் 13,000 கட்டினால், வருட வட்டி 100 சதவீதத்தைத் தாண்டும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

லேபிளையும் பாருங்கள். "முடி வளரும்" என்று அச்சடித்தால் அமெரிக்கச் சட்டத்தில் உங்கள் ஷியா பட்டர் மருந்தாகிவிடும். "ஈரப்பதம் காக்கும்", "முடி உடைவதைக் குறைக்கும்" என்று எழுதலாம். 2022-ல் வந்த அழகுப்பொருள் சட்டம், வருட விற்பனை சராசரியாக 10 லட்சம் டாலருக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தொழிற்கூடப் பதிவிலிருந்து விலக்கு தருகிறது. ஆனால் பொருள் பாதுகாப்பானது என்பதற்கான ஆதாரம், புகார் சொல்ல லேபிளில் முகவரி அல்லது தொலைபேசி எண், கடுமையான பாதிப்பு நேர்ந்தால் 15 வேலை நாளுக்குள் அரசுக்கு அறிக்கை ஆகியவை உங்களுக்கும் உண்டு. பொருளால் வரும் இழப்புக்கான காப்பீட்டையும் கடை கேட்கும். வீட்டுக் காப்பீடு பொதுவாக இதற்கு உதவாது.

இந்த வாரம் கடைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: 1,000 ஜாடி போதுமா, முன்பணம் உண்டா, திருப்பி அனுப்பும் உரிமைக்கு உச்சவரம்பு என்ன, காப்பீடு எவ்வளவு வேண்டும். பதில் எழுத்தில் வரும்வரை காலி ஜாடிக்குக்கூட பணம் கட்டாதீர்கள்.