கேள்வி பதில்: கெர்னல் பூட்டுக்கு என்ன பெயர் வைப்பது?

கே: லினக்ஸ் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப்பகுதி) சி மொழியில் இருக்கும் லாக் (ஒரே டேட்டாவில் பலர் மோதாமல் காக்கும் பூட்டு) ஃபங்ஷன்களுக்கு ரஸ்ட் மொழியில் பாதுகாப்பான ரேப்பர் (மேலுறை) எழுதுகிறேன். பழைய பெயரையே வைப்பதா, புதிதாகச் சூட்டுவதா?
– கல்லூரி மாணவி, காட்பாடி

பழைய பெயரை ஒட்டியே வையுங்கள். கெர்னலின் ரஸ்ட் வழிகாட்டுதலும் அதைத்தான் சொல்கிறது. இரண்டு பக்கமும் மாறி மாறிப் படிக்கிறவர் தடுமாறக் கூடாது. அதற்காக 'மியூடெக்ஸ்_லாக்' (மியூடெக்ஸ் என்பது ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் பூட்டு) என்று முழுசாக எழுத வேண்டாம். சி-யில் எல்லாப் பெயர்களும் ஒரே தெருவில் குடியிருப்பதால் ஆளாளுக்கு இனிஷியல் தேவைப்படுகிறது. ரஸ்ட்டில் மியூடெக்ஸ் என்பது ஒரு டைப், அதன் மெத்தடுக்கு 'லாக்' போதும். 'ஆர்சியு_ரீட்_லாக்'கும் (ஆர்சியு என்பது படிப்பவர்களைக் காக்க வைக்காத ஒரு முறை) ஆர்சியு மாட்யூலுக்குள் வந்ததும் 'ரீட்_லாக்' ஆகிவிடும்.

'அன்லாக்'குக்கு ஜோடி தேடாதீர்கள். லாக் செய்தால் ஒரு கார்டு கைக்கு வரும். ஏடிஎம் கார்டு அல்ல, உங்கள் ஜங்ஷனில் கடைசிப் பெட்டியிலிருந்து பச்சைக்கொடி காட்டுகிற கார்டு! ஸ்கோப் (அந்தப் பெயர் செல்லுபடியாகும் பகுதி) முடிந்து அது மறையும்போது பூட்டு தானே திறக்கும். வழுக்குகிற இடமும் இதுதான். 'லெட்' போட்டு வெறும் அண்டர்ஸ்கோரில் வாங்கினால் கார்டு அந்த வரியிலேயே மறையும். அடுத்த வரி பூட்டில்லாமல் ஓடும். டேட்டாவை மியூடெக்ஸுக்குள்ளேயே வைத்திருந்தால் கம்பைலர் தடுத்துவிடும். வெளியே இருக்கும் ஹார்ட்வேர் ரெஜிஸ்டரைக் காக்க வெற்று மியூடெக்ஸ் வைத்திருந்தால் சத்தமே வராது. '_கார்டு' என்று பெயர் கொடுத்து வாங்குங்கள்.

பெயர் ஒன்று, நடத்தை வேறு என்று இருப்பதுதான் ஆகப் பெரிய ஆபத்து. ஒரு நிகழ்வுக்காகத் தூங்கிக் காத்திருக்கும் சி-யின் 'வெயிட்_ஈவன்ட்', சிக்னல் (ப்ராசஸுக்கு வரும் குறுக்கீட்டுச் செய்தி) வந்தாலும் விழிக்காது. ரஸ்ட்டின் 'கான்ட்வார்' (நிபந்தனை நிறைவேறும்வரை காத்திருக்க உதவுவது) டைப்பில் இருந்த 'வெயிட்' முதலில் சிக்னலுக்கு விழித்துக்கொண்டிருந்தது. குழப்பம் வேண்டாமென்று பிறகு அதை 'வெயிட்_இன்டரப்டிபிள்' என்று மாற்றி, 'வெயிட்' என்ற பெயரை விழிக்காத வகைக்குக் கொடுத்தார்கள்.

கே: செமஃபோரின் (எண்ணிக்கை வைத்து ஆள் விடும் பூட்டு) 'டவுன்_ட்ரைலாக்'குக்கு, அதாவது காத்திருக்காமல் பூட்ட முயலும் ஃபங்ஷனுக்கு, ரேப்பர் போட்டேன். கிடைத்தபோது 'இல்லை' என்கிறது, கிடைக்காதபோது 'ஆம்' என்கிறது!
– ராணிப்பேட்டை வாசகர்

கோளாறு உங்களிடம் இல்லை. 'மியூடெக்ஸ்_ட்ரைலாக்', 'ஸ்பின்_ட்ரைலாக்' இரண்டும் கிடைத்தால் 1 தரும். 'டவுன்_ட்ரைலாக்' மட்டும் தலைகீழ்: கிடைத்தால் 0. எண்ணை ட்ரூ, ஃபால்ஸ் ஆக்கி வெளியே விடாமல், ஆப்ஷனுக்குள் (மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்று காட்டும் ரஸ்ட் டைப்) கார்டு வைத்துக் கொடுங்கள். கிடைத்தால் கார்டு இருக்கும், கிடைக்காவிட்டால் இருக்காது. அழைக்கிறவர் 0, 1 பார்க்க வேண்டிய வேலையே இல்லை.

கே: பைண்ட்ஜென் (சி ஹெட்டர்களிலிருந்து ரஸ்ட் அறிவிப்புகளை உருவாக்கும் கருவி) உருவாக்கிய கோப்பில் 'ஸ்பின்_லாக்' காணோமே?
– ஆம்பூர் வாசகர்

அது ஸ்டாட்டிக் இன்லைன் ஃபங்ஷன், அதாவது அழைக்கிற இடத்திலேயே பதிந்துவிடுவது, வெளியிலிருந்து கூப்பிடத் தனிப் பெயராகத் தெரியாது. அந்த வகையும், அளவுரு வாங்கும் மேக்ரோவும் பைண்ட்ஜென்னிடம் சிக்காது. கெர்னலின் ரஸ்ட் ஃபோல்டரில் உள்ள 'ஹெல்ப்பர்ஸ்' பகுதியில் 'ரஸ்ட்_ஹெல்ப்பர்_ஸ்பின்_லாக்' என்று சி-யில் ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதி, உள்ளே அசலை அழையுங்கள். அந்த முன்னொட்டை பில்டே உரித்துவிடும். ரஸ்ட்டிலிருந்து 'ஸ்பின்_லாக்' என்றே கூப்பிடலாம்.