மகனை டிபென்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். ஐஸ் ஹாக்கியில் டிபென்ஸ்மேனுக்கு என்ன எதிர்காலம் இருக்கிறது?

பத்து வயது மகன் இரண்டு வருடமாக முன்களத்தில் ஆடி கோல் அடித்துக்கொண்டிருந்தான், இந்த சீசனில் கோச் அவனைப் பின்களத்துக்கு மாற்றிவிட்டார், கோல் அடிக்காத ஒருவன் இந்த விளையாட்டில் தொழில்முறை ஆட்டக்காரனாக என்ன வாழ்க்கை வாழ்ந்துவிட முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். என் மகளை இதேபோல் மாற்றியபோது எனக்கும் மனம் விட்டுப்போனது. இப்போது அப்படி நினைக்கவில்லை. அதற்குக் காரணமான இரண்டு பேரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பதில் கொஞ்சம் நீளும்.

2006 முதல் மிஷிகனில், டெட்ராய்ட் அருகே இருக்கிறேன். வந்த புதிதில் அலுவலக நண்பர் ஒருவர் ஜோ லூயிஸ் அரங்கில் டெட்ராய்டின் ஐஸ் ஹாக்கி அணியான ரெட் விங்ஸின் ஆட்டத்துக்கு அழைத்துப்போனார். பக், அதாவது ஆடும் ரப்பர் வட்டு, எங்கே போகிறது என்று தேடித் தேடியே கண் வலித்தது. "பக்கை விடுங்கள். 5 என்று எழுதியிருக்கிறதே, அவரை மட்டும் பாருங்கள்" என்றார் நண்பர்.

பார்த்தேன். எதிரணிக்காரர் முழு வேகத்தில் வருகிறார். 5ஆம் எண் அவரைப் பார்த்தபடியே, அதே வேகத்தில் பின்னோக்கிச் சறுக்குகிறார். பாய்ந்து மோதவில்லை. நடுப்பகுதியைத் தன் உடம்பால் அடைத்து, ஓரத்துப் பலகைப் பக்கம் மட்டும் கொஞ்சம் வழி விட்டு வைத்திருக்கிறார். வருகிறவருக்கு அது கிடைத்த வாய்ப்பாகத் தெரிகிறது. அந்தப் பக்கம் திரும்புகிறார். மூலைக்குப் போய்ச் சேரும்போது அங்கிருந்து கோல் அடிக்கக் கோணமே இல்லை. அதற்குள் ஸ்டிக் ஒன்று நீண்டு பக்கை எடுத்துவிட்டது. இரண்டு எட்டு வைத்தார், ஒரு பாஸ். ஆட்டம் மறுபக்கம் போய்விட்டது. இவர் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள். என் நண்பர் தலையை ஆட்டினார், கச்சேரியில் நல்ல சங்கதி விழுந்தால் ஆட்டுவார்களே, அப்படி.

அவர்தான் நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம். ஸ்வீடன்காரர், 1970இல் பிறந்தவர், வெஸ்டெரோஸ் நகர கிளப்பில் வளர்ந்தவர். வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.எச்.எல்லின் அணிகள் இளம் ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் 1989 டிராஃப்டில் டெட்ராய்ட் அவரை எடுத்தபோது அவருக்கு முன்னால் 52 பேரை மற்ற அணிகள் எடுத்து முடித்திருந்தன. எடுத்த பிறகும் உடனே வரவில்லை. இன்னும் இரண்டு வருடம் ஸ்வீடனிலேயே ஆடிவிட்டு, 1991இல் 21 வயதில்தான் அமெரிக்கா வந்தார். டிபென்ஸ்மேன்கள் பெரும்பாலும் நிதானமாகத்தான் பழுப்பார்கள். முன்கள ஆட்டக்காரர் பக்கை இழந்தால் அவருக்குப் பின்னால் இரண்டு டிபென்ஸ்மேன்கள் இருக்கிறார்கள். டிபென்ஸ்மேன் இழந்தால் பின்னால் கோல் காப்பவரான கோலி மட்டும்தான். பதினெட்டு வயதுப் பையனை அங்கே நிறுத்த எந்தப் பயிற்சியாளருக்கும் எளிதில் துணிச்சல் வராது.

அதனால்தான் டிபென்ஸில் ஜோடி முக்கியம். ஓர் ஆட்டத்துக்கு ஆறு டிபென்ஸ்மேன்கள், மூன்று ஜோடிகள். ஒருவர் முன்னேறினால் மற்றவர் நிற்க வேண்டும். ஒருவர் மூலைக்குப் போனால் மற்றவர் கோலுக்கு முன்னால் இருக்க வேண்டும். இளையவரோடு மூத்தவரைச் சேர்ப்பது பழைய வழக்கம். லிட்ஸ்ட்ரோமுக்கு அந்த முதல் சீசனில் அமைந்த ஜோடி பிராட் மெக்கிரிமன்.

இந்தப் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பு குறைவு, அதுதான் எனக்கு ஆற்றாமை. கனடாவின் சஸ்காட்சுவான் சமவெளியில் டாட்ஸ்லேண்ட் என்ற சிற்றூர்க்காரர். அப்போது அவருக்கு 32 வயது. 1989இல் கால்கரி அணியோடு லீக்கின் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பை வென்றவர். கோல் அடிப்பதில் பெயர் எடுத்தவர் அல்ல. 1,222 ஆட்டங்களில் 81 கோல். ஆனால் ஹாக்கியில் கூட்டல் கழித்தல் கணக்கு ஒன்று உண்டு. ஒருவர் களத்தில் இருக்கும்போது அவருடைய அணி கோல் போட்டால் கூட்டல் ஒன்று, வாங்கினால் கழித்தல் ஒன்று. எதிரணியில் ஒருவர் தண்டனையில் வெளியே இருக்க, தன் அணியில் ஆள் அதிகமாக இருக்கும் பவர் பிளேயில் போட்ட கோல் இதில் சேராது. மெக்கிரிமனின் மொத்தக் கணக்கு கூட்டல் 444. இருபது வருடம் ஆடிய லிட்ஸ்ட்ரோமின் கணக்கு கூட்டல் 450. இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அதற்கு முன்பே பிலடெல்பியாவில் மார்க் ஹோவுடன் ஜோடி சேர்ந்தவர் அவர். 1985-86 சீசனில் ஹோவ் கூட்டல் 85, மெக்கிரிமன் கூட்டல் 83. டெட்ராய்டில், புது நாட்டுக்கு வந்த ஸ்வீடன் இளைஞர் தைரியமாக முன்னேறிப் போகலாம், பின்னால் மெக்கிரிமன் நிற்பார். லிட்ஸ்ட்ரோம் அந்த முதல் சீசனிலேயே கோலும் கோலுக்கு உதவியுமாக 60 புள்ளி எடுத்தார். சிறந்த புதுமுக விருதில் பாவெல் பூரேவுக்கு அடுத்த இடம்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்த வரலாறு என்றாலும், ஒரு தொடரை மட்டும் சொல்லியாக வேண்டும். 1997 இறுதித் தொடரில் எதிரணி பிலடெல்பியா. அதன் நட்சத்திரம் எரிக் லிண்ட்ராஸ் ஆறடி நான்கு அங்குலம், நூறு கிலோவுக்கு மேல். அவரோடு ஆடிய வரிசையில் எல்லோருமே பெரிய ஆட்கள். முரட்டுத்தனமாக மோதும் விளாடிமிர் கான்ஸ்டான்டினோவைத்தான் டெட்ராய்ட் பயிற்சியாளர் ஸ்காட்டி போமன் அவர்கள் மேல் ஏவுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் நிறுத்தியது லிட்ஸ்ட்ரோமையும் 36 வயது லாரி மர்ஃபியையும். மர்ஃபி சில மாதங்களுக்கு முன்புவரை டொராண்டோவில் சொந்த ரசிகர்களிடமே கூச்சலும் ஏச்சும் வாங்கிக்கொண்டிருந்தவர். இந்த இருவரும் யாரையும் இடித்துத் தள்ளவில்லை. பக்கை முதலில் தொட்டார்கள், உடனே வெளியே அனுப்பினார்கள். மோதுவதற்கு ஆளே கிடைக்காத நிலையில் அந்தப் பெரிய உடம்புகளுக்கு வேலை இல்லாமல் போனது. டெட்ராய்ட் நான்கு ஆட்டங்களையும் வென்று 42 வருடம் கழித்துக் கோப்பையைத் தொட்டது. லிண்ட்ராஸ் அந்தத் தொடரில் அடித்த ஒரே கோல், கடைசி ஆட்டத்தின் கடைசி நொடிகளில் வந்தது.

லிட்ஸ்ட்ரோமின் 1,564 ஆட்டங்களுக்கு மொத்தத் தண்டனை நேரம், அதாவது தவறு செய்ததற்காக வெளியே உட்கார்ந்த நேரம், 514 நிமிடம். ஆறு ஆட்டத்துக்கு ஒரு இரண்டு நிமிடச் சிறு தண்டனை என்று வருகிறது. ஆட்டத்துக்கு 25 நிமிடம் போல எதிரணியின் மிகச் சிறந்தவர்களையே எதிர்கொண்டவருக்கு இது. மகன் அடிதடி கற்றுக்கொண்டுவிடுவானோ என்று கேள்வியின் கடைசி வரியில் பயந்திருந்தீர்களே, அதற்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

கோல் பற்றியும் கேட்டீர்கள். 2006 டூரின் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் மூன்றாம் பகுதி தொடங்கிப் பத்தாவது நொடியில் பின்லாந்துக்கு எதிராக அவர் அடித்த கோல்தான் ஸ்வீடனுக்குத் தங்கம் வாங்கித் தந்தது. 2002இல் வான்கூவருக்கு எதிராக முதல் இரண்டு ஆட்டங்களையும் சொந்த மண்ணில் தோற்ற டெட்ராய்ட், மூன்றாவதில் அவர் அரங்கின் நடுவிலிருந்து அடித்த ஒரு கோலால் நிமிர்ந்தது. அந்த வருடம் கோப்பையும் வந்தது, பிளே ஆஃப் சுற்றின் சிறந்த ஆட்டக்காரருக்கான கான் ஸ்மைத் விருதும் வந்தது. அதை வென்ற முதல் ஐரோப்பியர் அவர். சிறந்த டிபென்ஸ்மேனுக்கான நாரிஸ் விருது ஏழு முறை. பாபி ஓர் மட்டும் எட்டு முறை வென்றிருக்கிறார். 2008இல் அணித் தலைவராக நான்காவது கோப்பை. நாற்பது வயதில்தான் முதன்முதலாக ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்.

ஆனால் எல்லா வாழ்க்கையும் இப்படி முழுதாக அமைவதில்லை, அதையும் மறைக்கக் கூடாது. அதே பாபி ஓர் முழங்கால்கள் கெட்டுப்போய் முப்பது வயதில் ஓய்வு பெற்றார். கான்ஸ்டான்டினோவ் 1997இல் கோப்பை வென்ற ஆறாம் நாள் கார் விபத்தில் சிக்கினார். அடுத்த வருடம் கோப்பையைச் சக்கர நாற்காலியில் இருந்தபடி மடியில் வாங்கிக்கொண்டார். மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வரும் கெட்டி ரப்பர் வட்டுக்கு எதிரே காலை வைப்பது இந்தத் தொழிலின் அன்றாடம். உடம்பு ஒத்துழைத்தால் மற்றவர்களைவிட நெடுநாள் ஆடலாம். கிறிஸ் செலியோஸ் 48 வயதுவரையும் ஸ்டெனோ சாரா 45 வயதுவரையும் ஆடினார்கள், இருவருமே டிபென்ஸ்மேன்கள். பத்து வயதில் ஆடும் பிள்ளைகளில் மிகமிகச் சிலரே தொழில்முறைக்குப் போகிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். முன்களத்தில் நின்றாலும் அது மாறாது.

என் மகளுக்கு அவளைவிட ஒரு வயது மூத்த பெண் ஒருத்தியை ஜோடியாகப் போட்டார்கள். முதல் மாதம் அந்தப் பெண் சொன்னதெல்லாம் ஒரே வார்த்தை, "பொறு". பக்கைக் கண்டதும் பாயும் என் மகள் அந்த ஒரு சீசனில் நிற்கக் கற்றுக்கொண்டாள். உங்கள் மகனுக்கு யார் ஜோடி என்று கோச்சிடம் விசாரியுங்கள். இப்போதைக்கு எனக்கு முக்கியமாகப் படும் கேள்வி அதுதான்.

மெக்கிரிமன் 1993இல் ஹார்ட்ஃபோர்டு அணிக்குப் போனார். அங்கே 19 வயதில் புதிதாக வந்த கிறிஸ் பிராங்கரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழக்கினார். பிராங்கர் 2000இல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதையே வென்றார்; பாபி ஓருக்குப் பிறகு அதை வென்ற முதல் டிபென்ஸ்மேன். 2008இல் மெக்கிரிமன் துணைப் பயிற்சியாளராக டெட்ராய்டுக்கே திரும்பினார். 17 வருடத்துக்கு முன் தான் ஜோடி சேர்ந்த இளைஞர் இப்போது அணித் தலைவர். பெஞ்சில் அவர் முன்னால் உட்கார்ந்திருக்க இவர் பின்னால் நிற்பதை நான் அரங்கில் பலமுறை பார்த்தேன். அப்போது எனக்கு இந்தக் கதை தெரியாது.

2011இல் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பு கிடைத்து ரஷ்யாவின் லோகோமோடிவ் யாரோஸ்லாவ்ல் அணிக்குப் போனார். செப்டம்பர் 7 அன்று சீசனின் முதல் ஆட்டத்துக்காக மின்ஸ்க் கிளம்பிய விமானம் ஏறும்போதே விழுந்தது. அதில் இருந்த 45 பேரில் 44 பேர் இறந்தார்கள், மெக்கிரிமனும். முந்தைய சீசனில் டெட்ராய்டில் ஆடிய டிபென்ஸ்மேன் ருஸ்லான் சலேயும் அதில் இருந்தார். லிட்ஸ்ட்ரோம் அதன்பின் ஒரு சீசன்தான் ஆடினார்.

2015 நவம்பரில் டொராண்டோவில் ஹாக்கி புகழ்மன்றத்தில் ஐந்து ஆட்டக்காரர்களைச் சேர்த்தார்கள். ஃபெடரோவ் ஒருவர் முன்களம். லிட்ஸ்ட்ரோம், பிராங்கர், ஹவுஸ்லி, ஏஞ்சலா ருஜீரோ ஆகிய நால்வரும் டிபென்ஸ். அன்று லிட்ஸ்ட்ரோமும் பிராங்கரும் ஒன்றாக உள்ளே போனார்கள். லீக்கில் முதல் அடி வைத்தபோது இருவருக்கும் துணை நின்றது ஒரே மனிதர், அவர் அதைப் பார்க்க இல்லை.