பெயின்ட் கழன்ற டிரெய்லர் சட்டம்: முதலில் உப்பைக் கழுவுங்கள்

டிரெய்லரின் இரும்புச் சட்டத்துக்குப் போன வருடம் அடித்த பெயின்ட் பொருக்குப் பொருக்காகக் கழன்று, கீழே மறுபடியும் கறள் தெரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். கேம்பர் பெட்டியை (தங்கும் கூண்டை) மேலே பூட்டுவதற்கு முன்பே கண்டது நல்லது. பிறகு அடிப்பக்கத்துக்குக் கை போகாது.

பெயின்டைக் குறை சொல்ல மாட்டேன். கொழும்பு வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து நிற்கும் இரும்பு அது. உப்பு ஒட்டியிருக்க மேலே எதை அடித்தாலும், ஈரத்தை இழுத்துக் கொப்புளம் கிளப்பும். சோப்புப் போட்டு நல்ல தண்ணீரில் கழுவுங்கள், காயவிட்டுத் தின்னரால் துடையுங்கள், அப்புறம்தான் கிரைண்டரில் வயர் பிரஷ். முறை மாறினால் எண்ணெயையும் உப்பையும் இரும்பிலேயே தேய்த்து விடுவீர்கள். (நானும் அப்படித்தான் ஒரு கேட்டைப் பாழாக்கினேன்.)

சுத்தமானதும் அன்றைக்கே இரண்டு பாக எபொக்சி பிரைமர் (இரண்டு டின்னைக் கலந்து அடிக்கும் முதல் பூச்சு). ஓர் இரவு விட்டாலே சிவப்பாகக் கறள் படரும். ஈரப்பதம் 85% தாண்டிய நாளில் டின்னைத் திறக்கவே வேண்டாம். எபொக்சி வெயிலில் மாவாகும், ஆகவே மேலே பொலியூரித்தேன் பூச்சு; ஸ்ப்ரே வேண்டாம், பிரஷ் போதும், ஸ்ப்ரேயில் கிளம்பும் புகை நுரையீரலுக்குக் கூடாது.

சட்டத்தின் பெட்டிக் குழாய்களை (உள்ளே வெறுமையான சதுரக் குழாய்களை) சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மந்தமான சத்தம் வரும் இடத்துக்குப் பெயின்ட் அல்ல, வெல்டிங்தான்.