ஜூலையில் இலங்கை: மழையா, வெயிலா?

கேள்வி: ஜூலை கடைசியில் அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பத்து நாள் இலங்கைக்கு வர நினைக்கிறோம். நுவரெலியாவில் உறவுள்ள நண்பர், "அங்கே மழைக்காலம், வேண்டாம்" என்கிறார். திருகோணமலைக்குப் போய்வந்த பக்கத்து வீட்டுக்காரரோ, "நல்ல வெயில், தாராளமாகப் போங்க" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? (கோவை வாசகி)

பதில்: இருவரும் கண்டதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். பயப்படாமல் வாருங்கள். எந்தப் பக்கம் எத்தனை நாள் என்பதை மட்டும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

மே முதல் செப்டம்பர் வரை வீசுவது தென்மேற்குப் பருவக்காற்று. நாட்டின் நடுவில் மலைகள் குறுக்கே நிற்கின்றன. அவற்றில் உயர்ந்த பிதுருதலாகலை 2,524 மீட்டர். கடலின் ஈரத்தோடு வரும் காற்று மேற்குச் சரிவில் ஏற ஏறக் குளிர்ந்து மழையாகக் கொட்டிவிடும். கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் ஆண்டு மழை 5,000 மில்லிமீட்டரையும் தாண்டும். ஈரத்தை இழந்த காற்று கிழக்கே இறங்கும்போது ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஏறக்குறைய 10 டிகிரி சூடேறுகிறது. ஏறும்போது அது அந்த அளவு குளிர்வதில்லை, மேகம் திரள்கையில் வெளிப்படும் வெப்பம் குளிர்ச்சியைக் குறைத்துவிடும். அதனால் மட்டக்களப்புக்கு வந்து சேரும்போது காற்று காய்ந்து, அனலாக இருக்கும். அங்குள்ளவர்கள் அதைக் கச்சான் காற்று என்பார்கள். கேரளத்தில் மழை கொட்டும் நாளில் கோவையில் வெறும் காற்றும் சிறு தூறலுமாக இருக்கிறதே, அதே கதைதான்.

இதைக் கண்ணால் பார்க்க மலையக ரயிலில் ஏறுங்கள். ஒரு ஜூலையில் அட்டன் தாண்டியதும் சாரல் உள்ளே அடித்து, சன்னலை இறக்கிவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு வெளியே தேயிலைச் செடிகூடத் தெரியவில்லை, எல்லாம் வெள்ளை. பட்டிப்பொல நிலையத்துக்கு அப்பால் ஒரு சுரங்கம் வரும். அதற்குள் நுழைந்தபோது மழை. வெளியே வந்தபோது வெயில். அப்புத்தளையில் இறங்கியபோது குடைத்துணி பாதி காய்ந்திருந்தது. அந்தச் சுரங்கத்துக்கு மேலிருக்கும் மலைமுகடுதான் இரண்டு பருவத்துக்கும் எல்லை.

தேயிலைக்கும் இது தெரியும். ஜூலை முதல் செப்டம்பர் வரை, மலையின் கிழக்குச் சரிவான ஊவாப் பக்கம் காய்ந்த காற்று படுவதால் கொழுந்து மெதுவாக வளரும். பறிக்கும் அளவு குறையும், மணம் கூடும். ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கித் தருவது அந்த மாதங்களின் கொழுந்துதான். பண்டாரவளையிலோ பதுளையிலோ இருக்கும்போது ஒரு கோப்பை வெறும் தேநீர் குடித்துப் பாருங்கள், புதினா போன்ற ஒரு குளிர்ச்சி தொண்டையில் நிற்கும்.

உங்கள் பத்து நாளை நான் இப்படிப் பிரிப்பேன். கண்டியில் இரண்டு நாள், நுவரெலியாவில் ஒரே ஓர் இரவு. அங்கே ஜூலையில் பகலிலேயே 20 டிகிரியைத் தாண்டுவது அரிது, ஈரக்காற்று வேறு. அம்மாவுக்குக் கம்பளிச் சட்டையும் காலுறையும் கட்டாயம். பிறகு ஊவாப் பக்கத்து மலையூரான எல்லவில் இரண்டு நாள். மிச்ச நாள் முழுக்கக் கிழக்குக் கரைக்கு: பாசிக்குடா, திருகோணமலை, நிலாவெளி. அப்போது அங்கே கடல் அமைதியாக இருக்கும், பிள்ளைகள் பயமின்றி இறங்கலாம். தென்மேற்குக் கரையில் பெந்தோட்டை, ஹிக்கடுவைப் பக்கம் அந்த மாதம் அலை முரடு. அந்தக் கரைக்கு டிசம்பர் முதல் ஏப்ரல் வரைதான் ஏற்ற காலம். சிவனொளிபாதமலையையும் இம்முறை விட்டுவிடுங்கள். யாத்திரைக் காலம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக்கோடு (புத்த பௌர்ணமி) முடிந்துவிடும். அதற்குப் பிறகு மழையில் படி வழுக்கும், துணைக்கு ஆளும் இருக்காது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். 2025 நவம்பர் இறுதியில் வந்த டிட்வா புயலில் மலையகம் பட்ட பாடு கொஞ்சமல்ல. மண்சரிவில் குடும்பம் குடும்பமாகப் போனார்கள், ரயில் பாதையும் பல இடங்களில் சிதைந்தது. டிக்கெட் எடுக்குமுன் ரயில் எதுவரை ஓடுகிறது என்று விசாரியுங்கள், ஓடாத பகுதிக்கு வேன் பிடிக்கலாம். மலையில் இருக்கும் நாட்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையைக் காலையும் மாலையும் பாருங்கள். மஞ்சள் என்றால் கவனம். செம்மஞ்சளோ சிவப்போ வந்தால், அறைக்குக் கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை என்று அன்றைய மலைப்பயணத்தை விட்டுவிடுங்கள்.