கர்ப்பப்பையை எடுப்பதற்கு முன் சீழைப் பரிசோதியுங்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 44. காப்பர்-டி போட்டு 15 ஆண்டுகள் ஆகின்றன, எடுக்கவே இல்லை. இரண்டு மாதங்களாக அடிவயிற்று வலி, விட்டுவிட்டுக் காய்ச்சல், மெலிவு. ஸ்கேனில் சினைப்பை அருகே 6 செ.மீ. கட்டி, ரத்தத்தில் சிஏ-125 (புற்றுநோயைச் சந்தேகிக்கப் பார்க்கும் ஒரு புரதம்) அளவு 140. புற்றுநோய்தான், இந்த வாரமே கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்கிறார், மருத்துவமனைக்கு அழைத்துச் சென்ற ஏஜென்ட். என்ன செய்வது?

பதில்: ஸ்கேனுக்கும் ஆபரேஷனுக்கும் கமிஷன் வாங்குகிறவரா நோயைக் கண்டுபிடிப்பது? முதலில் அவரை விலக்கிவையுங்கள். சிஏ-125 புற்றுநோய்க்கு மட்டும் ஏறுவதில்லை. சீழ்க்கட்டி, காசநோய், ஏன், மாதவிலக்கு நாட்களில்கூட ஏறும்.

இது சீழ்க்கட்டியாகவும் இருக்கலாம். நீண்ட காலம் உள்ளே கிடக்கும் காப்பர்-டியைச் சுற்றி, அரிதாக, ஆக்டினோமைசிஸ் என்ற பாக்டீரியா மெதுவாக வளரும். அந்தக் கட்டி இறுகி, பக்கத்து உறுப்புகளோடு ஒட்டிக்கொள்ளும். அனுபவமுள்ள மருத்துவர்களே புற்றுநோய் என்று எண்ணிவிடுவதுண்டு. காப்பர்-டி 380ஏ 10 ஆண்டுகளுக்கானது. போட்ட அன்றே குடும்பக் கட்டுப்பாட்டு இலக்குக் கணக்கு முடிந்துவிடுகிறது. எடுக்க வேண்டிய ஆண்டை நினைவூட்ட நம் சுகாதாரத் துறையில் எவருக்கும் நேரமில்லை!

அரசு மருத்துவக் கல்லூரி மகப்பேறு, மகளிர் நலப் பிரிவுக்கு உடனே அழைத்துச் செல்லுங்கள். காய்ச்சல் இருப்பதால் உள்நோயாளியாகச் சேர்த்து நரம்பு வழியே மருந்து தொடங்குவார்கள். எம்ஆர்ஐ பார்த்து, புற்றுநோய்ச் சாயல் இல்லை என்று தெரிந்த பிறகே ஊசியால் சீழை எடுக்க வேண்டும். புற்றுநோய்க் கட்டியைக் குத்தினால் பரவும் ஆபத்து உண்டு.

எடுத்த சீழ் முழுவதையும், திசுவைப் பதப்படுத்தும் திரவமான ஃபார்மலினில் போட்டுவிடும் பழக்கம் நம் ஆபரேஷன் தியேட்டர்களில் ஒழிந்தபாடில்லை. அதில் கிருமி செத்துவிடும், கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு) ஒன்றும் மிஞ்சாது. ஒரு பகுதி ஃபார்மலின் இல்லாமல் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். அதோடு அனுப்பும் படிவத்தில் 'காப்பர்-டி, 15 ஆண்டு' என்று எழுதச் சொல்லுங்கள். இந்தக் கிருமி வளர இரண்டு மூன்று வாரங்கள்கூட ஆகும். எழுதாவிட்டால் சில நாட்களிலேயே 'எதுவும் வளரவில்லை' என்று ரிப்போர்ட் வந்துவிடும். அதே சீழில் காசநோய்க்கான சிபிநாட் பரிசோதனையும் கேளுங்கள். அரசு மருத்துவமனையில் இலவசம். ரத்தத்தில் காசநோய் ஆன்டிபாடி பார்க்கும் பரிசோதனைகள் 2012-லேயே தடை செய்யப்பட்டவை; அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

ஆக்டினோமைசிஸ் என்றால் காப்பர்-டியை எடுத்துவிட்டு, சில வாரங்கள் பெனிசிலின் ஊசி. பிறகு பெரும்பாலும் 6 முதல் 12 மாதம் வரை அமாக்சிசிலின் மாத்திரை. வலி நின்றதும் மாத்திரையையும் நிறுத்தினால் நோய் திரும்பும்.

மாதவிலக்கு நின்றுவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. நின்றிருந்தால், புற்றுநோய் என்று அவசரப்படாமல் பொறுமையாகப் பார்க்கலாம் என்ற என் யோசனை பொருந்தாது. அந்நிலையில் சீழ் இருப்பது உறுதியானாலும், அதற்குப் பின்னால் புற்றுநோய் மறைந்திருக்கலாம். மருந்தில் காய்ச்சல் தணிந்தது, கட்டி சுருங்கியது என்று வீட்டுக்கு அனுப்பினாலும் விடாதீர்கள். கர்ப்பப்பை உட்சவ்வு, சினைப்பை, குடல் மூன்றையும் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

வலி திடீரென வயிறு முழுவதும் பரவினாலோ, மயக்கம் வந்தாலோ கட்டி உடைந்திருக்கக்கூடும். உடனே 108-ஐ அழையுங்கள். அப்போது ஆபரேஷன் வேண்டாம் என்று வாதாடக் கூடாது.